மகள் கோல்ஃப் கற்ற ஏழு ஆண்டுகளில் நான் பிழையாக எழுதிய கணக்கு

நான் தணிக்கைத் தொழிலில் இருப்பவள். எண்களை வரிசையாக எழுதுவதும், கூட்டிப் பார்ப்பதும், சென்ற ஆண்டோடு ஒப்பிடுவதும் என் பிழைப்பு. காலப்போக்கில் அதுவே குணமாகவும் ஆகிவிட்டது. அதனால் 2018ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் என் எட்டு வயது மகள் கோல்ஃப் பயிற்சி முகாம் ஒன்றில் சேர்ந்தபோது, நான் செய்த முதல் காரியம் நீளமான கணக்கு நோட்டு ஒன்றை வாங்கி, தேதி, அடித்த பந்துகள், ஆடிய குழிகள், மொத்த அடிகள் என்று கட்டம் போட்டதுதான். அந்த நோட்டு எங்கள் வீட்டில் என்னவெல்லாம் செய்தது என்பதையும், அதில் நான் போடாமல் விட்ட கட்டம் எது என்பதையும் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளைக் கோல்ஃபுக்கோ வேறு ஆட்டத்துக்கோ அழைத்துச் செல்லும் பெற்றோர் சிலருக்கு இது பயன்படலாம்.

எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் கோல்ஃப் ஆடியதில்லை. சென்னையில் கிண்டியிலும் நந்தனத்திலும் திடல்கள் இருப்பதைக் கேள்விப்பட்டிருந்தோம், அவ்வளவுதான். ஆட்டம் தெரியாத தாய்க்கு எண்கள்தான் துணை. கோல்ஃபில் அடிகள் குறையக் குறைய நல்லது; எண்களும் முதலில் எனக்குச் சாதகமாகவே இருந்தன. ஒன்பது குழிகளை முடிக்க முதன்முறை 74 அடிகள் எடுத்துக்கொண்ட குழந்தை, ஒன்றரை ஆண்டில் 53 அடிகளில் முடித்தாள். முதல் பயிற்சியாளரின் முறை எளிமையானது: பந்தடித்துப் பழகும் இடமான ரேஞ்சில் ஒரு கூடைப் பந்துகளை வைத்து, நடுத்தரத் தூரத்துக்கான 7ஆம் எண் அயர்ன் மட்டையால் கூடை காலியாகும் வரை அடிக்கச் சொல்வார். அறுபதாவது பந்துக்குமேல் எல்லாம் ஒரே திசையில் பறக்கும். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதற்கு அழகாகவும் இருக்கும்.

2019 மே மாதம் ஊட்டிக்குப் போனபோது அங்கேயும் ஆடினோம். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே உள்ள ஊரில் காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதல் தூரம் போகும் என்பது எனக்குத் தெரியாது. சென்னையில் 88 கஜம் போன அதே 7ஆம் எண் அயர்ன் அங்கே 95 கஜம் போனதும், இது மகளின் முன்னேற்றம் என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் இட்டேன். திரும்பி வந்தபின் தூரம் பழையபடி குறைந்தபோது, விடுமுறையில் பழகிய சோம்பல்தான் காரணம் என்று அவளிடம் சொன்னேன். ஒன்பது வயதுக் குழந்தை அதை நம்பி மன்னிப்பும் கேட்டாள். இன்று அந்தப் பக்கத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

2020 மார்ச் மாதத்தில் ஊரடங்கு வந்து திடல்கள் மூடப்பட்டன. அடுக்குமாடி வராந்தாவில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்து, மகள் பட்டர் மட்டையால் பந்தை உருட்டிக்கொண்டிருப்பாள். உண்மையான குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். எங்கள் டம்ளரின் வாயோ ஏறத்தாழ 70 மில்லிமீட்டர்தான். பந்து விழுந்ததும் டம்ளர் எழுப்பும் சத்தத்துக்காகவே அவள் மணிக்கணக்கில் உருட்டினாள். யாரும் எண்ணவில்லை, நானும் எழுதவில்லை. மொத்த அடிகள் என்ற கட்டத்துக்குள் அடங்காததால் அது பயிற்சியாகவே எனக்குத் தோன்றவில்லை. கோல்ஃப் திடலில் 18 குழிகள் கொண்ட ஒரு சுற்றுக்கான அளவு 72 அடிகள் என்றால், குழி ஒன்றுக்கு இரண்டு உருட்டல்கள் என்ற கணக்கில் 36 அடிகள் பட்டிங் எனப்படும் இந்த உருட்டலுக்கே ஒதுக்கப்பட்டவை. ஆட்டத்தின் பாதியை அவள் அந்த வராந்தாவில்தான் கற்றாள் என்பது எனக்கு உறைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

திடல்கள் மறுபடியும் திறந்தபின் தொடங்கியது எங்கள் கெட்ட காலம். 2021இன் தொடக்கத்திலிருந்து அவளுடைய அடிகள் ஏறத் தொடங்கின. 53 ஆக இருந்தது 56 ஆகி, பிறகு 60ஐத் தாண்டியது. முன்பு சுத்தமாகப் பறந்த பந்துகள் இப்போது தரையோடு ஓடின. அல்லது மட்டை பந்துக்குப் பின்னால் மண்ணைத் தோண்டியது. என் கணக்கில் இது இழப்பு. இழப்பு வந்தால் காரணம் கண்டுபிடித்து அடைக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். எனவே மூன்று காரியங்கள் செய்தேன், மூன்றும் தவறு.

முதலாவது, பந்துகளின் எண்ணிக்கையைக் கூட்டினேன். இரண்டாவது, குழந்தைகளுக்கான மட்டைகள் அவளுக்குக் குட்டையாகிவிட்டதைப் பார்த்து, அடுத்த அளவுச் செட் வாங்கினால் ஓராண்டில் அதுவும் போதாமல் போகுமே என்று செலவுக் கணக்குப் போட்டு, பெரியவர்கள் ஆடிய பழைய மட்டைகளை வாங்கித் தண்டை வெட்டிக் கொடுத்தேன். தண்டை வெட்டினால் நீளம் குறையும். தலையின் எடை குறையாது. வெட்ட வெட்டத் தண்டு இன்னும் விறைப்பாகும் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். ஏறத்தாழ 35 கிலோ எடையுள்ள குழந்தையின் கையில் வளையாத கம்பியின் நுனியில் கட்டிய இரும்பைக் கொடுத்த கதைதான் அது. மூன்றாவது, போட்டி அனுபவம் போதவில்லை என்று முடிவுகட்டி, அந்த ஆண்டு பத்து மாதங்களில் 14 போட்டிகளுக்கு அவளை அழைத்துச் சென்றேன். அவற்றில் அவளுடைய வயதுப் பிரிவிலேயே அவளைவிட ஒரு தலை உயரமான பெண்கள் இருந்தார்கள். வயது ஒன்று என்பதால் ஆட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நானாக ஒரு விதியை வைத்துக்கொண்டு, அவர்கள் பந்து எங்கே விழுகிறது என்பதையும் நோட்டில் குறித்தேன்.

அந்த ஆகஸ்டு மாதத்தில்தான் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்தது. பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் கடைசி நாள்வரை பதக்கப் போட்டியில் நின்று, ஒரே ஓர் அடியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றதை, அதுவரை கோல்ஃப் பார்த்திராத வீடுகளில்கூட அதிகாலையில் எழுந்து பார்த்தார்கள். அந்தப் போட்டியில் பந்தைத் தூரமாக அடிப்பதில் அவர் மிகவும் பின்தங்கியவர்களில் ஒருவர். பட்டிங்கில் எல்லாருக்கும் முன்னால் நின்றவர்களில் ஒருவர். என் மகள் அதைக் கவனித்துவிட்டு, “அம்மா, அவங்க டம்ளர்ல போட்டுப் பழகியிருப்பாங்களோ?” என்று கேட்டாள். எனக்கோ, ஐந்தாறு வயதில் தொடங்கி 18 வயதில் ரியோ ஒலிம்பிக்ஸுக்கே போனவர் அவர் என்ற கணக்கு மட்டும்தான் மனத்தில் ஓடியது. நமக்கு இன்னும் ஏழு ஆண்டுகள்தான் இருக்கின்றன என்று நான் சொன்னதாக என் கணவர் இன்றும் சொல்லிக்காட்டுவார்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் மகளிடம் ஒரு புதுப் பழக்கத்தைப் பார்த்தேன். பாடங்கள் முடிந்ததும் என் கைப்பேசியை வாங்கி வானிலை அறிவிப்பைப் பார்ப்பாள். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் எங்கே இருக்கிறது, எப்போது கரையேறும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியாகியிருந்தது. அறிவியலில் ஆர்வம் வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்து, பள்ளியில் அவளுடைய ஆசிரியையிடம்கூடச் சொன்னேன். அந்த ஆண்டு நவம்பரில் சென்னையில் பெருமழை பெய்து போட்டி ஒன்று தள்ளிப்போன செய்தி வந்தபோது அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்த பிறகுதான், குழந்தை இரண்டு மாதங்களாக மழைக்கு வேண்டிக்கொண்டிருந்தாள் என்பது விளங்கியது.

மழைவிட்டு மறுபடியும் திடலுக்குப் போன முதல் நாள், மட்டைப் பையைச் சுமந்துகொண்டு வழக்கமாக எங்களோடு வரும் வயதான கேடி என்னைத் தனியாக அழைத்து, “அம்மா, பாப்பா குனியவே மாட்டேங்குது, பாத்தீங்களா? குழியில இருந்து பந்த எடுக்கணும்னா முட்டி போட்டுத்தான் எடுக்குது” என்றார். நான் பார்த்திருக்கவில்லை. நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ் முதுகில் ஆறு வாரங்களாக வலி இருந்ததை அவள் சொல்லாமல் மறைத்திருந்தாள்.

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் விரிசல் ஏதும் இல்லை என்று ஆறுதல் சொன்னார். ஆனாலும் எட்டு வாரங்கள் உடலைத் திருப்பி அடிக்கும் எதுவும் கூடாது என்றார். வாரத்துக்கு எத்தனை பந்துகள் அடிக்கிறாள் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் துல்லியமான பதில் இருந்தது: நாளுக்கு 120 வீதம் ஐந்து நாட்கள், 600 பந்துகள். மூன்றரை ஆண்டுகளில் அந்த நோட்டு உண்மையாகவே பயன்பட்டது அந்த ஒரு கேள்விக்குத்தான். வளர்கிற முதுகுத்தண்டை ஒரே பக்கமாக, முழு வேகத்தில், வாரத்துக்கு 600 முறை முறுக்கியிருக்கிறோம் என்று அவர் கணக்கைத் திருப்பிச் சொன்னபோது மறுத்துப் பேச எனக்கு வாயில்லை.

பிறகு அவர் விளக்கியவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளையின் ஆட்டம் திடீரென்று கெடுவதைப் பார்க்கும் பெற்றோர் எல்லாரும் அறிந்திருக்க வேண்டியது இதுதான். பெண் குழந்தைகள் பெரும்பாலும் 12 வயதையொட்டியும், ஆண் பிள்ளைகள் 14 வயதையொட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். ஒருவருக்கு ஓரிரு ஆண்டுகள் முன்னதாக வரும், இன்னொருவருக்குப் பிந்தி வரும். அந்த உச்ச ஆண்டில் 8, 9 சென்டிமீட்டர் கூடுவது இயல்பு. முதலில் கால்களும் கைகளும் நீளும், உடற்பகுதி பின்னால்தான் வந்து சேரும். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசைகள் உடனே ஈடுகொடுப்பதில்லை என்பதால் தொடையின் பின்புறமும் இடுப்பும் இறுகிப்போகும். அந்த இறுக்கத்தின் சுமை முதுகின்மேல் விழும். நேற்றுவரை தன் கை எங்கே முடிகிறது என்று உடலுக்கு இருந்த ஞாபகம் இன்று பொய்யாகிவிடும். வீட்டில் டம்ளரைத் தட்டிவிடுவதும், நிலைப்படியில் இடித்துக்கொள்வதும் இந்தக் காலத்தில் நடப்பவைதாம்.

இதைக் கோல்ஃபில் பொருத்திப் பாருங்கள். பந்தின் விட்டம் 43 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. தலைக்குப் பின்னாலிருந்து பெரிய வட்டமாக இறங்கிவரும் மட்டை அந்த வட்டத்தின் அடிப்புள்ளியில் பந்தைச் சந்திக்க வேண்டும். சில மில்லிமீட்டர் மேலே போனால் பந்து தரையில் ஓடும். கீழே போனால் மண் பெயரும். கை மூன்று சென்டிமீட்டர் நீண்டுவிட்ட குழந்தை பழைய வீச்சையே வீசினால் என்ன நடக்கும் என்பதற்குப் பயிற்சியாளர்கூடத் தேவையில்லை. என் மகள் ஆட்டத்தை மறக்கவில்லை. அவள் கற்றுக்கொண்ட உடல்தான் மாறிப்போயிருந்தது.

2022 ஜனவரியில் வேறொரு பயிற்சியாளரிடம் போனோம். சிறுவயதில் கேடியாகத் திடலுக்கு வந்து, ஆடக் கற்று, பிறகு பயிற்சியளிக்கத் தொடங்கியவர். மகள் அடிப்பதைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் நோட்டைத்தான் முதலில் கேட்டார். அரைமணி நேரம் புரட்டிவிட்டு, “எல்லாம் எழுதியிருக்கீங்க மேடம். பாப்பா உயரம் எங்க?” என்றார்.

நான் போடாமல் விட்ட கட்டம் அது.

அன்றிரவு அவளுடைய மருத்துவப் பரிசோதனை அட்டைகளை எடுத்து, பழைய உயரங்களை ஒவ்வொன்றாக நோட்டில் நிரப்பினேன். 2018 ஜூனில் 124 சென்டிமீட்டர். 2020 டிசம்பரில் 139. 2021 டிசம்பரில் 148. ஒரே ஆண்டில் ஒன்பது சென்டிமீட்டர். இரண்டு வங்கிக் கணக்குகளை ஒத்திட்டுப் பார்ப்பதுபோல அடிகளையும் உயரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, நான் சோம்பல் என்றும் கவனக்குறைவு என்றும் எழுதியிருந்த மாதங்கள் எல்லாம் அவள் வேகமாக வளர்ந்த மாதங்கள். என் தொழிலில் இப்படி ஒரு முக்கியத் தலைப்பையே விட்டுவிட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்தால் என்னை யாரும் மன்னிக்கமாட்டார்கள்.

அடுத்த நான்கு மாதங்களில் அவள் ஒரு முழு வீச்சுகூட வீசவில்லை. மருத்துவர் சொன்ன எட்டு வாரங்கள் முடிந்த பிறகும் புதிய பயிற்சியாளர் அனுமதிக்கவில்லை. மூன்றடித் தூரத்திலிருந்து உருட்டுவது, பிறகு குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்வெளியான கிரீனின் ஓரத்திலிருந்து சிறிதாகத் தட்டி ஏற்றும் சிப்பிங், அதன் பிறகு 20 கஜம், 30 கஜம் என்று குழியிலிருந்து பின்னோக்கியே ஆட்டத்தை மறுபடியும் கட்டினார். மற்ற நேரமெல்லாம் கயிறு தாண்டுதல், ஒற்றைக்காலில் நிற்றல், பந்தை இடக்கையாலும் வலக்கையாலும் பக்கவாட்டில் எறிதல். பள்ளியில் கூடைப்பந்து அணியில் சேரலாமா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, என்னைக் கேட்காமலே அவர் சரி என்றுவிட்டார். அடிப்பது என்பதும் எறிவதுதான், கையைவிட்டு மட்டை போவதில்லை என்பது மட்டும்தான் வேறுபாடு என்பது அவர் வாதம். எறியத் தெரியாத பிள்ளைக்கு ஸ்விங், அதாவது மட்டை வீச்சு, சொல்லிக்கொடுப்பது, நடக்காத குழந்தைக்குச் சைக்கிள் வாங்கித் தருவது மாதிரி என்பார். கட்டணம் கொடுத்துக் கயிறு தாண்டவா போகிறாள் என்று நான் வீட்டில் முணுமுணுத்ததையும் இங்கே மறைக்கக் கூடாது.

அவர் சொன்னவற்றுக்குப் பெயர் இருப்பதைப் பிறகு படித்தறிந்தேன். ஹங்கேரியில் பிறந்து கனடாவில் பணியாற்றிய இஸ்த்வான் பாலி, விளையாட்டு வீரர்களின் நெடுங்கால வளர்ச்சியைப் பல கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். துள்ளி விளையாடும் பருவம், பயிற்சி பெறக் கற்கும் பருவம், பயிற்சிக்காகப் பயிலும் பருவம், போட்டிக்காகப் பயிலும் பருவம் என்று அந்தப் படிகள் போகும். பிறந்த தேதியைவிட உடல் எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதையே அவை அளவாகக் கொள்கின்றன. கனடாவின் கோல்ஃப் அமைப்பும் இதைத் தழுவி வழிகாட்டி ஒன்றை உருவாக்கியது. பயிற்சி பெறக் கற்கும் பருவத்தில் நேரத்தை 70க்கு 30 என்று பயிற்சிக்கும் போட்டிக்கும் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். நானோ 2021இல் அப்படி ஒரு விகிதத்தைப் பற்றி யோசித்ததே இல்லை. இந்தக் கட்டங்களில் இன்ன வயதில் இன்ன திறனுக்குச் சாளரம் திறக்கும், பிறகு மூடிவிடும் என்ற பகுதிக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். என் மனமும் அவர்கள் பக்கம்தான் சாய்கிறது. சாளரம் மூடிவிடும் என்ற அச்சத்தைப் பெற்றோரிடம் கொடுத்தால், நாங்கள் 14 போட்டிகளை 20 ஆக்கிவிடுவோம். உயரத்தை அளந்து அதற்கேற்பச் சுமையைக் குறைப்பது என்ற பகுதி மட்டும் எங்கள் வீட்டில் சொன்னபடியே வேலை செய்தது.

2022 ஜூனில் முழு வீச்சு திரும்ப வந்தபோது இன்னொரு விதியும் கூடவே வந்தது. அடுத்தடுத்த இரண்டு பந்துகளை ஒரே மட்டையால் ஒரே இலக்குக்கு அடிக்கக் கூடாது. ஒன்று 7ஆம் எண் அயர்ன், அடுத்தது 20 கஜச் சிப், அதற்கடுத்தது மிகத் தூரம் அடிக்கும் டிரைவர் மட்டை, பிறகு ஒரு நிமிடம் சும்மா நடந்துவிட்டு வர வேண்டும். கூடை காலியாகும்வரை ஒரே மாதிரி அடித்த காலத்து அழகு இதில் இல்லை. ஒவ்வொரு பந்தும் முதல் பந்துபோலத் தடுமாறியது. 1979ஆம் ஆண்டிலேயே ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் மரத்தடுப்புகளைக் கையால் தட்டிவிடும் எளிய சோதனையில் இதைக் காட்டியிருந்தார்கள்: ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள், மாற்றி மாற்றிச் செய்தவர்கள் பயிற்சியின்போது தடுமாறி, சில நாட்கள் கழித்து நடத்திய தேர்வில் அவர்களை முந்தினார்கள். திடலில் ஒரே அடியை இரண்டு முறை அடிக்கும் வாய்ப்பே இல்லை என்பதை நினைத்தால், ரேஞ்சில் நான் ரசித்த அந்த அறுபதாவது பந்து ஆட்டத்துக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்பது தெரியும். பின்னால் நாற்காலியில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும் பயிற்சியைச் சற்றுச் சந்தேகப்பட வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். முடிந்தால் நாற்காலியையே வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

போட்டிகள் ஆண்டுக்கு நான்காகக் குறைந்தன. அவற்றிலும், அவளுடைய அடித்தூரத்துக்குப் பொருந்துகிற முன்தள்ளிய டீயிலிருந்து, அதாவது குழியின் முதல் அடியை அடிக்கும் இடத்திலிருந்து, ஆடும் போட்டிகளையே தேர்ந்தெடுத்தோம். இரண்டே அடிகளில் கிரீனை எட்ட முடிகிற தூரத்தில் ஆடினால்தான் குழந்தை முடிவெடுக்கக் கற்றுக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் முழு பலத்தோடு விளாசுவதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இராது. மட்டை விஷயத்தில், வெட்டிய பழைய செட்டைத் தூக்கிவைத்துவிட்டு, அவள் உயரத்துக்கான குழந்தைகள் செட்டை வாங்கினோம். உயரம் கூடியதும் அதை வேறொரு குடும்பத்துக்கு விற்று அடுத்த அளவை வாங்கினோம். பெற்றோர்கள் தங்களுக்குள் இப்படி மாற்றிக்கொள்வது வழக்கம்தான் என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தால், அந்தச் செலவுக் கணக்கை அப்படிப் போட்டிருக்கமாட்டேன்.

எனக்கும் பயிற்சியாளர் ஒரு வேலை கொடுத்தார். 44 வயதில் நானும் சிப்பிங் கற்கத் தொடங்கினேன். இரண்டு மாதங்களுக்கு வேறெதையும் தொடவிடவில்லை. தென்கொரிய வீரர் ஒய். இ. யாங் 19 வயதில் கோல்ஃபைத் தொடங்கி 2009ஆம் ஆண்டு பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் டைகர் உட்ஸை வென்றவர் என்றும், அமெரிக்க வீரர் லாரி நெல்சன் 21 வயதில் தொடங்கி மூன்று பெரும்பட்டங்களை வென்றவர் என்றும் படித்து ஊக்கம் பெற்றுத்தான் போனேன்; முதல் வாரத்தில் பத்தில் நான்கு பந்துகள் நான் நின்ற இடத்திலேயே நின்றன. ஒரு தாயோ தந்தையோ அந்த நான்கு பந்துகளை ஒருமுறையாவது அடித்துப் பார்த்தால், காரில் திரும்பும் வழியில் பிள்ளையிடம் பேசும் பேச்சு தானாக மாறிவிடும். ஐந்தாம் குழியில் ஏன் அப்படி அடித்தாய் என்று கேட்பதை நான் நிறுத்தியது எந்த அறிவுரையைக் கேட்டும் அன்று. எனக்கும் அதற்குப் பதில் தெரியாது என்பதால்தான்.

2023இல் அவளுக்கு முறையான ஹேண்டிகேப் கிடைத்தது, 36; ஆட்டத்திறனைக் காட்டும் இந்த எண் குறையக் குறைய நல்லது. அதைக் கணக்கிடும் விதம் என் தொழிலுக்கே ஒரு பாடம். 2020இல் நடைமுறைக்கு வந்த உலக முறைப்படி, கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த எட்டை மட்டும் எடுத்துச் சராசரி காண்கிறார்கள். அதாவது ஹேண்டிகேப் என்பது ஒருவர் வழக்கமாக ஆடும் ஆட்டத்தின் அளவு ஆகாது; நன்றாக ஆடும் நாட்களின் அளவு. ஆகவே எந்த ஆட்டக்காரரும் பெரும்பாலான நாட்களில் தம் ஹேண்டிகேப்பைவிட மோசமாகவே ஆடுவார். இதை அறியாமல், மோசமான நாள் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தேடி அலைந்தேன். சாதாரண நாளுக்கு யார் விளக்கம் எழுதுவார்கள்?

இடையில் ஒருமுறை, தூரம் கூடவில்லையே என்று மகளே சோர்ந்தபோது, பயிற்சியாளர் இங்கிலாந்து வீரர் நிக் ஃபால்டோவின் கதையைச் சொன்னார். 1983இல் ஐரோப்பியப் போட்டித் தொடரில் ஐந்து போட்டிகளை வென்று முதலிடம் பிடித்த அவர், பெரும்போட்டிகளின் அழுத்தத்தில் தம் ஸ்விங் நிலைக்கவில்லை என்று கண்டு, 1985இல் டேவிட் லெட்பெட்டர் என்ற பயிற்சியாளரிடம் போய் அதை அடியோடு மாற்றத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள் வெற்றியே இல்லை. 1987 ஜூலையில், 30 வயது நிறைந்த மறுநாள், ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் கடைசிச் சுற்றின் 18 குழிகளையும் பார் எனப்படும் நிர்ணய அடிகளிலேயே முடித்து பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார். டைகர் உட்ஸ் 1997இல் மாஸ்டர்ஸை 12 அடிகள் வித்தியாசத்தில் வென்ற பிறகும் ஸ்விங்கை மாற்றினார். 1998இல் அமெரிக்காவின் பிஜிஏ போட்டித் தொடரில் ஒரே ஒரு வெற்றி, 1999இல் எட்டு. இவர்களோடு நம்மை ஒப்பிடுவது அபத்தம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்தக் கதையைக் கேட்ட 13 வயதுப் பெண் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது: “அந்த ரெண்டு வருஷம் அவங்க வீட்டுல என்ன சொன்னாங்க சார்?” அவர் என்னைப் பார்த்தார். நான் கேடியைப் பார்த்தேன்.

இப்போது அவளுக்கு 15 வயது. ஹேண்டிகேப் 17. மாநில அளவில் அவளைவிட நன்றாக ஆடும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். 2021இல் அவளை எளிதாக வென்ற உயரமான பெண்களில் இருவர் அவளைவிட இன்றும் முன்னால்தான் இருக்கிறார்கள், ஒருத்தி ஆட்டத்தையே விட்டுவிட்டாள். முதுகுவலி திரும்பவில்லை. கூடைப்பந்து தொடர்கிறது. கடந்த ஓராண்டில் அவள் தூரம் தானாகவே 30 கஜம் கூடியிருக்கிறது. அதற்காக யாரும் தனியாக எதுவும் செய்யவில்லை. வானிலை அறிவிப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டாள், மழை பெய்தால் முகம் சுளிக்கிறாள்.

நோட்டு இன்னும் இருக்கிறது, கட்டங்கள்தான் மாறிவிட்டன. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, எழுந்தவுடன், ஒரே சுவரில் சாய்த்து நிறுத்தி உயரம் அளக்கிறேன். மாலையில் அளந்தால் ஒரு சென்டிமீட்டர் வரை குறைவாகக் காட்டும் என்பதால் நேரத்தை மாற்றுவதில்லை. ஒரே மாதத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடினால் முழு வீச்சுகளைப் பாதியாக்கிவிட்டு பட்டிங்குக்குத் திரும்புவது எங்கள் ஏற்பாடு. அப்படி ஐந்து முறை செய்திருக்கிறோம். அடிகளை இப்போது அவளே தன் கைப்பேசியில் எழுதிக்கொள்கிறாள், நான் கேட்பதில்லை. அவளாகச் சொன்னால் உண்டு.

சுவரில் பென்சில் கோடு எட்டு மாதங்களாக ஒரே இடத்தில் நிற்கிறது, 163.5. பெரியவர்களுக்கான செட் வாங்கலாமா என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். இன்னும் இரண்டு மாதம் பார்த்துவிடலாம் மேடம் என்றார்.

சரி என்றேன்.